சென்னைக் கோட்டை புனித மேரி ஆலயம்: நினைவுக் கற்களை வாசித்தல்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம், இந்தியாவில் இன்றும் நிற்கும் ஆங்கிலிக்கன் ஆலயங்களில் மிகப் பழையது. 1678-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, மரியாளுக்கு தேவதூதன் நற்செய்தி சொன்ன திருநாளில், இதன் வேலை தொடங்கியது. ஆலயத்தின் பெயர் அந்த நாளிலிருந்து வந்தது. 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் ஆலயங்களில் ஒன்றாயிற்று. இன்றும் ஞாயிறு ஆராதனை நடக்கிறது.

இந்த ஆலயத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு முடிந்துவிடுகின்றன: சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம், ராபர்ட் கிளைவ் 1753-ல் மார்கரெட் மாஸ்கெலினை இங்கே மணந்தார், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1680-ல் இங்கே மணந்தார். மூன்றும் உண்மை. ஆனால் இவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போகும் மாணவர், ஒரு கல்யாண மண்டபத்தின் பழைய பதிவேட்டைப் பார்த்தவராகவே வெளியே வருவார். இந்த ஆலயத்தின் பெருமதிப்பு அதன் கற்களில் இருக்கிறது. சுவரிலும் தரையிலும் முற்றத்திலும் உள்ள நினைவுக் கற்களை ஒரு நூலை வாசிப்பதுபோல் வாசிக்க வேண்டும். யார் வைத்த கல்? யாரைப் புகழ்கிறது? எதற்காகப் புகழ்கிறது? யாரை விட்டுவிட்டது? இந்த நான்கு கேள்விகளோடு சில கற்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஆங்கிலேய இடைக்கால ஆலயமும் இதுவும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நகரின் நடுவில் நிற்கும் பழைய வட்டார ஆலயங்கள் பெரும்பாலும் இடைக்காலத்தவை. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிவதற்கு முன்பே கட்டப்பட்டவை. கத்தோலிக்க ஆலயங்களாக எழுந்து, பின்னர் ஆங்கிலிக்கன் ஆலயங்களாக மாறியவை. அந்த மாற்றத்தின்போது பல இடங்களில் சுவர் ஓவியங்கள் சுண்ணாம்பால் மூடப்பட்டன.

இந்தியாவில் இடைக்கால ஆங்கிலிக்கன் ஆலயம் என ஒன்று இருக்க வழியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதே 1600-ல்தான். எனினும் இடைக்கால வட்டார ஆலயத்தின் அமைப்பையும் பழக்கங்களையும் கம்பெனிக்காரர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கோபுரம், ஞானஸ்நானத் தொட்டி, திருமணப் பதிவேடு, தரையில் பெரியவர்களின் கல்லறை, சுவரில் நினைவுப் பலகை, வெளியே கல்லறை முற்றம் ஆகிய எல்லாம் புனித மேரி ஆலயத்தில் உண்டு. ஆகவே ஆங்கிலேய வட்டார ஆலயம் ஒன்று எப்படி இயங்கும் என்பதைக் கடல் கடக்காமல் காண விரும்பும் தமிழ் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒரு வேறுபாடு கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தின் பழைய ஆலயங்கள் கத்தோலிக்கக் காலத்துப் படங்களை இழந்தன. கோட்டை ஆலயமோ ஆங்கிலிக்கன் ஆலயமாகவே பிறந்து, பின்னர் ஒரு படத்தைப் பெற்றது. பலிபீடத்தின் மேலுள்ள கடைசி இராப்போசன ஓவியம், 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து கொண்டுவரப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அது மெய்யானால், ஆராதிப்போர் ஒவ்வொரு ஞாயிறும் நிமிர்ந்து பார்ப்பது ஒரு போர்க் கொள்ளைப் பொருளை.

"சென்னையின் முதல் தேவாலயம்" என்று சிலர் எழுதுவது தவறு. மயிலாப்பூரில் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய லஸ் ஆலயம் இதைவிடப் பழையது. "மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம்" என்று சொல்லும்போது 'ஆங்கிலிக்கன்' என்ற அடைமொழியை விடக்கூடாது.

கட்டுமானம்

ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில், கோட்டையில் குடியிருந்த ஆங்கிலேயர் கொடுத்த நன்கொடையில் இந்த ஆலயம் எழுந்தது. கட்டடத்தைத் திட்டமிட்டவர் கோட்டையின் பீரங்கிப் பொறுப்பாளரான எட்வர்டு ஃபௌல் என்பது பொதுவான கருத்து. கட்டடத்தைப் பார்த்தால் அந்தக் கருத்தை நம்பத் தோன்றும். வெளிச்சுவர்கள் 4 அடி கனம். கூரை, 2 அடி கனமுள்ள செங்கல் வளைவு. கதவு சன்னல் தவிர மரம் இல்லை. தீயும் கறையானும் தொட முடியாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு செங்கல்லிலும் தெரிகிறது. கோபுரமும் கூர்முனையும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தவை.

உள்ளே நிற்பவருக்கு வானத்தை நோக்கிய ஏக்கம் எதுவும் எழாது. இடைக்கால ஆலயங்களின் கூர்வளைவுகள் கண்ணை மேலே இழுக்கும். இங்கே வளைவுகள் உருண்டையானவை. கூரை தாழ்வாக, கனமாக அமர்ந்திருக்கிறது. நெல் சேமிக்கும் பத்தாயத்துக்குள் நிற்பதுபோன்ற பத்திரமான உணர்வு. இதை அழகுக் குறைவு என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு கட்டடம் தன் காலத்தின் அச்சத்தை மறைக்காமல் காட்டுவது நேர்மை. அந்நிய மண்ணில், கடலோர மணல்மேல், எப்போது யார் படையெடுப்பார்களோ என்று இருந்த ஒரு சிறு வணிகக் கூட்டம், பலமான கூரையின் கீழ் கூடி ஜெபிக்க நினைத்தது. அதை இந்தக் கட்டடம் ஒளிக்காமல் சொல்கிறது.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. செங்கல் அறுத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், வளைவு கட்டிய கொத்தனார் ஆகியோரின் பெயர்கள். ஆளுநர் பெயரும், பீரங்கிக்காரர் பெயரும், அர்ப்பணித்த குரு ரிச்சர்டு போர்ட்மனின் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. கட்டிய கைகளின் பெயர்கள் வழங்கிவரும் வரலாற்றில் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று இதைக் கடந்துபோக முடியாது. இதற்கு 650 ஆண்டுகளுக்கு மேல் முந்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரைச் சொல்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களை, அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும் உட்பட, வரிசையாகச் சொல்கிறது. கல்லில் பெயர் பொறிக்கும் பழக்கமும், பணியாளரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் பழக்கமும் இந்த மண்ணில் முன்பே இருந்தன.

முற்றத்துக் கற்கள்

ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைக் கற்களைப் பார்ப்பவர், அவற்றின் அடியில் உடல்கள் இருப்பதாக நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. இவை வேறிடத்திலிருந்து வந்த கற்கள்.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றம், பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் பகுதியில் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் பெரிய கல்லறைகளை அவருடைய படை மறைப்பாகப் பயன்படுத்திக் கோட்டையைத் தாக்கியது. முற்றுகை 1759 பிப்ரவரியில் விலகிய பின், இனி எதிரிக்கு அந்த வசதி கிடைக்கக் கூடாது என்று கல்லறைகள் இடிக்கப்பட்டு, எழுத்துள்ள கற்கள் மட்டும் இங்கே கொண்டுவரப்பட்டன. அதன்பிறகும் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1782-ல் ஹைதர் அலியோடு போர் நடந்த காலத்தில், கோட்டையில் பீரங்கிகளை நிறுத்துவதற்காக இதே கற்கள் பெயர்க்கப்பட்டன. பின்னர் மீண்டும் பதிக்கப்பட்டன.

ஆக, இந்தக் கற்கள் முதலில் எதிரியின் கேடயமாகவும், அடுத்து சொந்தப் படையின் பீரங்கி மேடையாகவும், கடைசியில் நடைபாதையாகவும் இருந்திருக்கின்றன. நினைவுக்காக வைத்த கல்லைத் தேவை வந்தபோது வெறும் கல்லாக நடத்தியவர்கள், அதை வைத்தவர்களின் வாரிசுகளே. பழைய கல்லறைகளை மதிக்காதவர்கள் நாம் மட்டும்தான் என்று வருந்துகிறவர்களுக்கு இந்த வரலாறு ஒரு சிறு ஆறுதல்.

கற்களின் மொழிகளையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தோடு லத்தீனும் போர்ச்சுக்கீசிய மொழியும் ஆர்மீனிய மொழியும் உள்ளன. சென்னை அன்று எத்தனை வகை மக்கள் வணிகம் செய்த துறைமுகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மிகப் பழைய கல் 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. கோட்டையின் தலைவராக வந்த ஆரன் பேக்கரின் மனைவி. கப்பல் பயணத்தில், பிரசவத்தின்போது இறந்தவர். ஆலயத்தைவிட அவர் கல்லுக்கு வயது அதிகம். ஆளுநர்களின் பெயர்ப் பட்டியல் சொல்லாத செய்தியை இந்தக் கல் சொல்கிறது: இந்தப் பேரரசுக்கு முதலில் விலை கொடுத்தவர்களில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் உண்டு.

யேல்: இரண்டு ஆலயங்களுக்கு இடையில்

எலிஹு யேல், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அலுவலரின் விதவையான கேத்தரினை 1680 நவம்பரில் மணந்தார். ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டு ஒரு வாரமே ஆகியிருந்தது. 1687 முதல் 1692 வரை யேல் கோட்டையின் ஆளுநர். தம் பதவியைப் பயன்படுத்திச் சொந்த வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டுகளுக்கு நடுவே பதவி இழந்தார். 1718-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

யேல் புதைக்கப்பட்டது வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரில், புனித ஜைல்ஸ் ஆலய முற்றத்தில். அதுவே நாம் மேலே பேசிய வகையைச் சேர்ந்த இடைக்கால வட்டார ஆலயம். நகரின் நடுவில், சுமார் 135 அடி உயரக் கோபுரத்தோடு நிற்கிறது. உள்ளே வளைவின் மேல் இறுதித் தீர்ப்பு நாளின் பழைய ஓவியம் இருக்கிறது. வெளியே, கோபுரத்தின் அருகே யேலின் கல்லறை. அதிலுள்ள பாட்டு, அவர் அமெரிக்காவில் பிறந்ததையும் ஐரோப்பாவில் வளர்ந்ததையும் ஆசியாவில் மணந்ததையும் சொல்கிறது. அந்த ஆசியத் திருமணம் நடந்த இடம் நம் கோட்டை ஆலயம். அவர் செய்த நன்மையோடு கொஞ்சம் தீமையும் கலந்திருந்ததை அந்தக் கல் மறைக்கவில்லை.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது சென்னையிலிருந்து பார்த்தால்தான் தெரியும். யேல் ஆளுநரான 1687-ஐ ஒட்டிய ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் கொடும் பஞ்ச காலம். பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற மக்கள் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அந்த வணிகம் நடந்ததை கோட்டையின் பதிவுகளே காட்டுகின்றன. 1688-ல் கோட்டை ஆட்சிக் குழு அதற்குத் தடை விதித்தது. யேல் பல்கலைக்கழகம் தன் வரலாற்றுக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்புகளுக்காக 2024-ல் முறையாக வருத்தம் தெரிவித்தது. நம் குறிப்புகளோ இன்னும் "யேல் மணந்த ஆலயம்" என்பதோடு பெருமைப்பட்டு நின்றுவிடுகின்றன. கப்பலேறியவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு ரெக்ஸமிலும் கல் இல்லை, கோட்டையிலும் கல் இல்லை.

யேலின் சிறு வயது மகன் டேவிடும் கேத்தரினின் முதல் கணவர் ஹின்மர்ஸும் அடங்கிய கூர்நிலைக் கல்லறை, பழைய இடுகாட்டில் இடிபடாமல் தப்பிய ஒன்றிரண்டில் ஒன்று. இன்று அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. வாகனம் நிறுத்த இடம் தேவைப்பட்டதால் அதை அகற்றலாமா என்று 2023-ல் அந்த நீதிமன்றத்திலேயே வழக்கு நடந்தது. யேலின் புகழுக்காக அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். இடுகாடு எங்கே இருந்தது, ஆலய முற்றத்துக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் சாட்சி அது. சாட்சியை நகர்த்தினால் வழக்கு குழம்பிவிடும் என்பதை நீதிமன்றத்துக்குச் சொல்லத் தேவையில்லை.

சுவார்ட்சு நினைவுச் சின்னம்

ஆலயத்துக்குள் உள்ள சிற்பங்களில் வேலைப்பாட்டால் முதலில் வைத்து எண்ணத் தக்கது, மிஷனரி சுவார்ட்சுக்குக் கம்பெனி வைத்த சலவைக்கல் நினைவுச் சின்னம். செதுக்கியவர் இளைய ஜான் பேக்கன். ஆண்டு 1807. படுக்கையில் சுவார்ட்சு இறந்துகொண்டிருக்கிறார். சுற்றிலும் அவர் வளர்த்த பிள்ளைகள். ஒரு பிள்ளை அவர் கையைப் பற்றியிருக்கிறது. உடன் ஊழியர் ஒருவர் நிற்கிறார். மேலே தேவதூதன் சிலுவையைக் காட்டுகிறான். பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சிறு கையில்தான். பேக்கன் இந்தியாவைக் கண்டதில்லை. ஆனால் மரணப் படுக்கையருகே நிற்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இதைத் தஞ்சாவூரில் உள்ள இன்னொரு சின்னத்தோடு ஒப்பிட வேண்டும். சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த ஆலயத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது. அதிலும் அதே மரணப் படுக்கை. ஆனால் அங்கே சுவார்ட்சின் கையைப் பிடித்திருப்பவர் சரபோஜி. ஒரே மரணம், இரண்டு கைகள். பணம் கொடுத்த மன்னர் தம்மையே படுக்கையருகே நிறுத்தினார். பணம் கொடுத்த கம்பெனி பிள்ளைகளை நிறுத்தியது. தன்னைச் சிற்பத்தில் காட்டவில்லை. அடக்கம் என்று தோன்றும். கீழே உள்ள நீண்ட எழுத்தை வாசித்தால் எண்ணம் மாறும்.

அந்த எழுத்து சுவார்ட்சின் பக்தியைப் புகழ்கிறது. சிறு சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தஞ்சையில் ஆலயம் கட்டியதைச் சொல்கிறது. ராமநாதபுரத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் அவர் தொடங்கிய பள்ளிகளைக் குறிப்பிடுகிறது. இவை எல்லாம் தகும். பிறகு பேச்சு திரும்புகிறது. நாட்டு மக்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கை அரசுப் பணிக்குப் பயன்பட்டது என்கிறது. போர் நடுவிலும் ஹைதர் அலி அவரைத் தடையின்றிப் போக விட்டதைச் சொல்கிறது. துளஜா மன்னர் தம் தத்துப் பிள்ளை சரபோஜியை அவர் பொறுப்பில் விட நினைத்ததைச் சொல்கிறது. இந்த நன்மைகளை நன்றியோடு நினைத்தே கம்பெனி சின்னத்தை வைத்ததாக முடிக்கிறது. 1813 வரை மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் தாராளமாக விட மனமில்லாத கம்பெனி இது. 1806-ல் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது மிஷனரிகள்மேல் பழி போட்டவர்களும் அந்த வட்டாரத்தில் உண்டு. அப்படிப்பட்ட கம்பெனி ஒரு மிஷனரிக்குச் சலவைக்கல் வைத்ததன் காரணத்தை அந்தக் கல்லே ஒப்புக்கொள்கிறது: அவர் பயன்பட்டார்.

எழுத்தில் வரும் நாட்டுப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: ஹைதர் அலி, துளஜா, சரபோஜி. மூவரும் ஆண்டவர்கள். சுவார்ட்சோடு உழைத்த தமிழர் எவர் பெயரும் இல்லை. திருநெல்வேலிச் சீமைக்கு அவர் அனுப்பிய சத்தியநாதன், 1790-ல் குருப்பட்டம் பெற்றவர், அதில் இல்லை. பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் எழுப்பிய குளோரிந்தா இல்லை. தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவையான அவர் கட்டிய ஆலயத்தை மக்கள் இன்றும் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றே அழைக்கிறார்கள். கல் மறந்த பெயரை மக்கள் வாய் மறக்கவில்லை.

குமரி மாவட்டத்தாருக்கு இந்தச் சின்னத்தோடு ஓர் உறவும் உண்டு. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூருக்குச் சென்று, சுவார்ட்சு வளர்த்த கோலாஃபிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பின் தொடர்ச்சியாகவே 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பேக்கனின் சிற்பத்தில் கையைப் பற்றி நிற்கும் பெயரில்லாப் பிள்ளைக்குப் பின்னால் நம் ஊர் வரை நீளும் ஒரு வரிசை நிற்கிறது. சிற்பம் அதை உணர வைக்கிறது; எழுத்து அதை மறைக்கிறது. அதனால்தான் இதைச் சிறந்த சிற்பம் என்றும், கேள்வி கேட்டே வாசிக்க வேண்டிய கல்வெட்டு என்றும் ஒரே நேரத்தில் சொல்கிறேன்.

பெயரில்லாத கல்

ஆலயத் தரையில் ஒரு கல். சிலுவையும் 'நினைவாக' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களும் தவிர எதுவும் இல்லை. இதன் அடியில் இருப்பவர் ஆளுநர் பிகட் பிரபு என்று கருதப்படுகிறது.

கதை தஞ்சாவூரில் தொடங்குகிறது. 1773-ல் கம்பெனிப் படையின் உதவியோடு ஆற்காட்டு நவாபு தஞ்சையைப் பிடித்தார். லண்டன் இயக்குநர்கள் அதை ஏற்காமல், தஞ்சையை துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கும்படி பிகட்டை அனுப்பினார்கள். 1776-ல் அவர் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்து, தஞ்சை விளைச்சலிலிருந்து வட்டியும் முதலும் எடுக்கக் காத்திருந்த ஆங்கிலேயர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஆட்சிக் குழுவின் பெரும்பான்மையினர் தங்கள் ஆளுநரையே 1776 ஆகஸ்டில் பிடித்துக் காவலில் வைத்தனர். 1777 மே மாதம் பிகட் காவலிலேயே இறந்தார். பின்னர் இங்கிலாந்தில் நால்வர்மேல் வழக்கு நடந்தது. ஆளுக்கு 1000 பவுன் அபராதம். அவ்வளவுதான்.

சுவரிலுள்ள பலகைகள் வீரம், நேர்மை, கடமை என்று பேசிக்கொண்டே இருக்கின்றன. கம்பெனி ஆட்சி உண்மையில் எப்படி நடந்தது என்பதை இந்தப் பேசாத கல் அவற்றைவிடத் தெளிவாகச் சொல்கிறது. எழுதத் தொடங்கினால் கொன்றவர்களைப் பற்றியும் எழுத நேரும். அதனால் எழுதாமல் விட்டார்கள் என்றே வாசிக்கத் தோன்றுகிறது. என் மதிப்பீட்டில் இந்த ஆலயத்தின் மிக முக்கியமான கல் இதுவே. வழிகாட்டிகள் கிளைவின் திருமணப் பதிவைக் காட்டும் ஆர்வத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவது வருத்தத்துக்குரியது.

இதே 1777-ல், பிகட் இறந்த அடுத்த மாதம், நம் மாவட்டத்தில் இன்னோர் ஐரோப்பியர் இறந்தார். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்று, பின்னர் அவருடைய படைத் தலைவராகவே ஆன டி லனாய். உதயகிரிக் கோட்டையில், கூரை இழந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. இந்த மண்ணின் அரசனுக்கு ஊழியம் செய்தவரின் கல்லில் இந்த மண்ணின் மொழி இடம் பெற்றது. கோட்டை ஆலயத்தின் பெரிய சலவைக்கற்கள் தங்களுக்குள்ளேயே, கடல் தாண்டிய வாசகருக்காக, ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றன. இரண்டு கற்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, வந்து கலந்ததற்கும் வந்து ஆண்டதற்கும் உள்ள வேறுபாட்டை வேறு யாரும் விளக்க வேண்டாம்.

எதிர்வாதம்

நினைவுக் கற்கள் குடும்பங்களின் துயரத்தால் எழுந்தவை, அவற்றில் அரசியல் தேடுவது நியாயமா என்று கேட்கலாம். எலிசபெத் பேக்கரின் கல்லைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி சரி. அங்கே தலை வணங்கினால் போதும். ஆனால் கம்பெனி பொதுப்பணத்தில் வைத்த சின்னம் துயரம் மட்டும் அல்ல. அது ஓர் அறிக்கை. அறிக்கையை ஆராய வாசகருக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தின் வட்டார ஆலயங்களிலும் நிலக்கிழாருக்குச் சுவரில் சிலை, உழவருக்குப் புல்தரை என்பதே வழக்கம். கோட்டை ஆலயம் அந்த ஏற்றத்தாழ்வையும் கப்பலில் கொண்டுவந்தது. இங்கே அதன்மேல் நிறமும் மொழியும் சேர்ந்துகொண்டன.

இன்னொரு வாதம், இது அந்நியர் எச்சம், நமக்கு எதற்கு என்பது. இதை நான் ஏற்கவில்லை. 1947-க்குப் பின் இது தமிழ் மக்களும் உறுப்பினராக உள்ள திருச்சபையின் ஆலயம். சுண்ணாம்பும் உழைப்பும் இந்த மண்ணுடையவை. தஞ்சையின் தலைவிதி இங்கே தீர்மானிக்கப்பட்டது; அதற்கான சாட்சி தரையில் கிடக்கிறது. நம் வரலாற்றின் ஆவணத்தை, எழுதியவர் அந்நியர் என்பதற்காக வாசிக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. முக்கியமான கற்களின் எழுத்தைத் தமிழில் பெயர்த்து, யார் எவர் என்ற குறிப்போடு ஒரு சிறு கையேடு வேண்டும். பள்ளி மாணவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் அது இருக்க வேண்டும். அதில் கிளைவுக்கு ஒரு வரி போதும். பிகட்டுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

பார்க்கச் செல்வோருக்கு

புறநகர் ரயிலில் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்து செல்லலாம். எழும்பூரில் இறங்கும் நாகர்கோவில் பயணிகள், கடற்கரை செல்லும் ரயிலில் ஏறினால் பூங்கா நிலையத்துக்கு அடுத்தது கோட்டை. தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் உள்ள இடமாதலால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருகிலேயே தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகம் உள்ளது. அதை முதலில் பார்த்துவிட்டு ஆலயத்துக்குச் செல்வது நல்லது.

உள்ளே மூன்று இடங்களில் நேரம் கொடுங்கள். ஒன்று, கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்பிள்ளைகள் 1689-ல் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஆலயத்தில்தான். அவர்களின் தாய் இந்தியப் பெண் என்று சொல்லப்படுகிறது. இரண்டு, சுவார்ட்சு சின்னம். மூன்று, பெயரில்லாத கல்.

சர் தாமஸ் மன்றோவின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. 1827-ல் காலராவில் இறந்த சென்னை ஆளுநர் அவர். ரயத்துவாரி முறையோடு பெயர் இணைந்தவர். குமரி மாவட்ட மாணவர்கள் இவரை நம் மன்றோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூர்த் திவானாகவும் இருந்த ஜான் மன்றோ வேறொருவர். அவர் இறந்தது ஸ்காட்லாந்தில்.

கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். படம் எடுப்பதைவிட ஒரு கல்லின் எழுத்தை முழுதாகக் கையால் எழுதி எடுப்பது நல்ல பயிற்சி. எழுதும்போதுதான் எந்தச் சொல் எதற்காக வந்தது என்பது தெரியும். ஊருக்குத் திரும்பிய பின் உங்கள் ஊர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்திலும் கோயில் மதிலிலும் அதே வேலையைச் செய்யுங்கள். உப்புக் காற்றில் நம் கடலோர ஊர்களின் எழுத்துகள் வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன.